ரெக்கார்டு நோட்டில் 9.26 என்று எழுதலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நான் பாலக்கோடு பக்கத்தில் ஒரு கிராமத்துப் பெண். பிளஸ் 1 படிக்கிறேன். காலாண்டு விடுமுறையில் தருமபுரியில் ஒரு கல்லூரியில் நடந்த இயற்பியல் செய்முறைப் பயிற்சிக்குத் திங்கள் முதல் சனி வரை போய் வந்தேன். அங்கிருந்து ஒரு கேள்வியோடு திரும்பியிருக்கிறேன். ஆசிரியர்களும் அதிகாரிகளும் உங்கள் பத்திரிகையைப் படிப்பார்கள் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதல் நாள் தனி ஊசல், அதாவது நூலில் குண்டைத் தொங்கவிட்டு ஆட்டி நேரம் பார்க்கும் சோதனை. பள்ளியில் இருப்பது போலப் பித்தளைக் குண்டு கொடுக்கவில்லை. ஒரு கதவுப் பூட்டையும் நூலையும் கொடுத்து, “புவியீர்ப்பு முடுக்கம் எவ்வளவுன்னு கண்டுபிடிங்க” என்று சொல்லிவிட்டு சார் அடுத்த மேசைக்குப் போய்விட்டார். நாங்கள் நாலு பேர். நூலை 50 செ.மீ. அளந்து கட்டினோம். செல்போனில் ஸ்டாப் வாட்ச் வைத்து 20 அலைவு எண்ணினோம். 29.2 வினாடி. கணக்குப் போட்டால் 9.26 வந்தது. புத்தகத்தில் 9.8.

உடனே நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? விடையிலிருந்து பின்னால் கணக்குப் போட்டு, நேரம் 28.4 என்று இருந்தால் சரியாக வரும் என்று கண்டுபிடித்தோம். 29.2-ஐ அடித்துவிட்டு 28.4 எழுதினோம். யாரும் சொல்லித் தரவில்லை. பத்தாம் வகுப்பிலிருந்தே கை அப்படிப் பழகிவிட்டது. சொல்லித் தர வந்திருந்த எம்.எஸ்சி. படிக்கும் அக்கா அதைப் பார்த்தார். திட்டவில்லை. “அடிச்சதைத் திரும்ப எழுதும்மா. உன் கடிகாரம் 29.2-ன்னு சொன்னா அதுக்கு ஏதோ காரணம் இருக்கும்” என்றார். அப்புறம் நூலை 30, 40, 60, 70 செ.மீ. என்று மாற்றி மாற்றிக் கட்டச் சொன்னார்.

நூலின் நீளத்தை ஓர் அச்சிலும், அலைவு நேரத்தின் வர்க்கத்தை இன்னோர் அச்சிலும் குறித்து வரைபடம் போட்டோம். ஐந்து புள்ளியும் நேர்கோட்டில் அழகாக உட்கார்ந்தன. ஆனால் கோட்டைக் கீழே நீட்டினால் அது ஆதிப்புள்ளிக்குப் போகவில்லை. நீள அச்சில் சுழியத்துக்கு இடது பக்கம், 3 செ.மீ. தள்ளிப் போய் முட்டியது. “அந்த 3 சென்டிமீட்டர் எங்கே போச்சு?” என்று அக்கா கேட்டார். கால் மணி நேரம் திருதிருவென்று விழித்தோம். கடைசியில் எங்களில் ஒருத்தி பூட்டைக் கையில் எடுத்து, முடிச்சு விழுந்த வளையத்திலிருந்து பூட்டின் நடு வரைக்கும் ஸ்கேல் வைத்தாள். 3 செ.மீ.! நாங்கள் முடிச்சு வரைக்கும்தான் அளந்திருக்கிறோம். ஊசலின் நீளம் குண்டின் மையம் வரைக்கும் என்று எங்கள் எல்லோருக்கும் மனப்பாடமாகத் தெரியும். 50-க்குப் பதில் 53 போட்டதும் 9.8 வந்துவிட்டது. கோட்டின் சாய்விலிருந்து கணக்கிட்டாலும் அதேதான், ஏனென்றால் விட்டுப்போன 3 செ.மீ. எல்லா அளவிலும் ஒரே மாதிரி விட்டுப்போயிருந்தது. நேரத்தை மாற்றி எழுதியிருந்தால் இதில் எதுவும் தெரிந்திருக்காது.

மற்ற நாட்களில் வாளித் தண்ணீரில் பி.வி.சி. குழாயை முக்கி இசைக்கவையை வைத்து ஒலியின் வேகம் பார்த்தோம், பழைய டி.வி.டி. துண்டில் நிறங்களைப் பிரித்தோம். எல்லாமே நன்றாக இருந்தது. ஆனால் என் மனது பூட்டிலேயே நின்றுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் கிணற்றில் கல்லைப் போட்டு, தண்ணீரில் விழும் சத்தம் வரும் வரை நேரம் பார்த்தேன். ஐந்து தடவை போட்டதில் சராசரி 1.9 வினாடி. கணக்குப்படி தண்ணீர் 58 அடியில் இருக்க வேண்டும். “கயிறு விட்டுப் பாரு கண்ணு” என்றார் தாத்தா. கல்லைக் கட்டிக் கயிறு விட்டால் 55 அடி. சத்தம் மேலே வருவதற்கும் நேரம் ஆகிறதே என்று தோன்றியது. ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகும், அதனால் 0.05 வினாடியைக் கழித்தேன். 55 வந்தது. குதித்தேன். ஆனால் நான் பொத்தானை அழுத்துவதில் 0.1 வினாடி முன்பின் ஆனாலே ஆறு அடி மாறிவிடும் என்பதையும் நோட்டில் கீழே எழுதி வைத்திருக்கிறேன்.

இப்போது பள்ளிக்கு வருகிறேன். எங்கள் லேபில் திருகு அளவி, வெர்னியர், ஊசல், சோனாமீட்டர் எல்லாம் இருக்கின்றன. பெரும்பாலான நாள் பீரோவுக்குள் இருக்கின்றன. அறுபது பேருக்கு ஒரே ஆசிரியர், 45 நிமிடம்தான் பீரியடு. அவர் மேல் எனக்குத் துளியும் குறை இல்லை. ஆனால் ரெக்கார்டு நோட்டு எப்படி எழுதப்படுகிறது? போன வருட அக்காக்களின் நோட்டிலிருந்து ரீடிங்கைப் பார்த்து எழுதுகிறோம். எல்லோருக்கும் 9.8 வருகிறது. 9.26 எழுதினால் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பிக் கொடுப்பார்கள். பிளஸ் 2 இயற்பியலில் செய்முறைக்கு 20 மதிப்பெண், அதற்குப் பயந்தே எல்லோரும் ‘சரியான’ ரீடிங் எழுதுகிறோம்.

சர் சி.வி. ராமன் 1928 பிப்ரவரி 28-இல் தன் கண்டுபிடிப்பை அறிவித்தார் என்று அந்த நாளைத் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடுகிறோம். எட்டாம் வகுப்பில் அன்றைக்குப் பேச்சுப் போட்டியில் நான் பரிசு வாங்கினேன். ஒளிச்சிதறலைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினேன். அதுவரை ஒரு முப்பட்டகத்தைக்கூடக் கையில் பிடித்ததில்லை. அதை இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

கல்வித்துறையிடம் நான் கேட்பது இரண்டு. சனிக்கிழமை அரை நாள் லேபைத் திறந்து வைக்க வேண்டும். பக்கத்துக் கல்லூரிகளில் இயற்பியல் படிக்கும் அண்ணன், அக்காக்களை அழைத்தால் எங்கள் ஆசிரியர் மேல் சுமை ஏறாது. இன்னொன்று, ரெக்கார்டில் எங்களுக்கு வந்த அளவையே எழுத அனுமதிக்க வேண்டும். புத்தகத்து எண்ணோடு பொருந்தாவிட்டால், ஏன் பொருந்தவில்லை என்று நாலு வரி எழுதச் சொல்லுங்கள். அந்த நாலு வரிக்கு மதிப்பெண் போடுங்கள்.

அடுத்த வாரம் பள்ளியில் தனி ஊசல் பாடம் வருகிறது. நான் பூட்டைக் கொண்டு போகப் போகிறேன்.

இப்படிக்கு,
பிளஸ் 1 மாணவி ஒருத்தி,
பாலக்கோடு வட்டம், தருமபுரி மாவட்டம்.