கடை முகப்பில் இருந்த எழுத்து

அன்பு மகனுக்கு,

இங்கு அனைவரும் நலம். பங்குனிப் பொங்கலுக்குப் பிறகு உன் குரலைக் கேட்கவில்லை. வேலை மிகுதியாக இருக்கும் என்று உன் அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். சித்தப்பா சொன்னதைப் பற்றி நான் எதுவும் கேட்கப் போவதில்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

மெயின் பஜாரில் நம் வரிசையில் மேலும் இரண்டு பழைய கடைகளை இடித்துவிட்டார்கள். முன்னால் கடை, நடுவில் முற்றம், பின்னால் சரக்கு வைக்கும் கிட்டங்கி, மேல்மச்சில் குடும்பம் என்று ஒரு தெருவில் தொடங்கி மறுதெரு வரை நீண்டு கிடந்த கட்டடங்கள் அவை. மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குப் போகும் ரயில் பாதை நம் ஊர் வழியே அமைந்ததால் வத்தலும் மல்லியும் பருப்பும் இங்கு வந்து குவிந்தன. அந்தச் சரக்குக்கு ஏற்றாற்போலவே வீட்டையும் கட்டினார்கள். விருதுபட்டி 1923-இல் விருதுநகர் ஆன காலத்தில் இந்தத் தெருவுக்கு இருந்த மிடுக்கு, சரக்கு மட்டும் தந்ததன்று. வியாபாரத்தில் பொதுக் காரியத்துக்கென்று எடுத்து வைத்த மகமையும், வீட்டுக்கு வீடு திரட்டிய பிடியரிசியும் சேர்ந்துதான் 1889-இல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலையை வளர்த்தன. காமராசர் படித்த பள்ளியில் நீயும் படித்தாய் என்று நான் சொல்லாத ஆள் இந்த பஜாரில் இல்லை. அப்படிப்பட்ட பிள்ளை ஒரு வரி எழுதக் கூடாதா?

இடித்த கடையிலிருந்து தேக்கு உத்திரங்களை லாரியில் ஏற்றியபோது அருகில் நின்றேன். கடைப் பலகைகளையும் அடுக்கி வைத்திருந்தார்கள். காலையில் ஒவ்வொன்றாகக் கழற்றி, இரவில் வரிசை மாறாமல் பள்ளத்தில் செருக வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு பலகையின் தலையிலும் உளியால் தமிழ் எண் வெட்டியிருக்கும். நம் கடைப் பலகைகளில் அந்த எண்களை விரலால் தடவித்தான் நீ எண்ணக் கற்றாய். ஏழாம் பலகை இன்னும் கிட்டங்கியில் இருக்கிறது.

நம் முகப்புச் சுவரும் இப்போது பொரிந்து உதிர்கிறது. பழைய சுண்ணாம்புக் காரையில் பழகிய கொத்தனாரை அழைத்துக் காட்டினேன். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீர் விட்டு அரைத்த சுண்ணாம்புக் காரை, ஈரத்தை வாங்கி வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்டு பூசினால் ஈரம் போக வழியின்றி உள்ளேயே நின்று, உப்புப் பூத்து, செங்கலையே தின்றுவிடும் என்றார். “யார் பூசியது?” என்று அவர் கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

நான்தான் பூசினேன், தம்பி. பெயர்ப் பலகை மாட்டுவதற்காக, உன் பூட்டனார் சுதையில் எழுதி வைத்த பெயரையும் ஆண்டையும் கொத்தி எடுத்துவிட்டுச் சிமெண்டைப் பூசச் சொன்னேன். அப்போது உனக்குப் பத்து வயது. வேண்டாம் என்று சாரத்தைப் பிடித்துக்கொண்டு அழுத உன்னை, வேலையாட்கள் முன்னால் அடித்தேன். அதன்பின் நீ எதையும் வேண்டாம் என்று என்னிடம் சொன்னதில்லை. மனத்துக்கு ஒவ்வாத படிப்பையும் மறுக்கவில்லை, தூரத்து வேலையையும் மறுக்கவில்லை. அதைப் பணிவு என்று ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன். அடித்தது தவறு. அழித்ததும் தவறு.

வெள்ளிக்கிழமை சிமெண்டைக் கொத்தி எடுக்கிறார்கள். சுண்ணாம்பு ஊறிக்கொண்டிருக்கிறது. மேல்மச்சில் உன் அறையை வெள்ளையடித்தாயிற்று. எவ்வளவு நாள் வந்து இருந்தாலும் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள், நானும் கேட்கமாட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு.

கொத்துவதற்கு முந்தைய நாள் வாசலில் உட்கார்ந்து, அந்த எழுத்துகளைக் கோடு போட்ட நோட்டில் வரைந்தாயே, அந்த நோட்டு உன்னிடம் இருக்கிறதா? ஆண்டின் கடைசி எண்ணுக்கு மேலே ஒரு கொடி வளைந்து போகும். அது எந்தப் பக்கம் வளையும் என்று எனக்கு நினைவில்லை. கொத்தனார் கேட்கிறார்.

அன்புடன்,
அப்பா