கேட் தாண்டி வந்து கேளுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கண்ணியமான வேலை, சமூக உரையாடல் (தொழிலாளர், நிர்வாகம், அரசு கூடிப் பேசுவது) என்று வெளிநாட்டு நிதியில் நடக்கும் திட்டங்களை மதிப்பிட வருகிறவர்கள், தொழிலாளியைத் தொழிற்சாலைக்கு வெளியே சந்தித்துப் பேச வேண்டும். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பதினோரு வருடம் செக்கிங்கில் இருந்தேன். ஆடிட் வருகிற அன்று காலையில்தான் மாஸ்க், கையுறை எல்லாம் வந்து இறங்கும். ஓவர்டைம் பற்றிக் கேட்டால் ‘இல்லை’ என்று சொல்லச் சொல்வார் சூப்பர்வைசர். கேள்வி கேட்பவருக்குப் பின்னாலேயே அவரும் நிற்பார். அப்புறம் யார் வாய் திறப்பார்கள்?

வங்கதேசத்தில் ஆடை ஆலைகள் இருந்த ராணா பிளாசா கட்டிடம் இடிந்தது 2013 ஏப்ரல் 24. முந்தைய நாளே சுவரில் விரிசல் தெரிந்தது. உள்ளே போகப் பயந்தவர்களைக் கட்டாயப்படுத்தி அனுப்பினார்கள். 1,100 பேருக்கு மேல் இறந்தார்கள். அங்கிருந்த ஆலைகளில் சில, முன்பே தணிக்கை முடித்தவை. நினைத்தால் இன்னும் வயிறு கலங்குகிறது.

10 லட்சம் டாலரைத் தாண்டும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் (ஐ.எல்.ஓ.) திட்டங்களுக்குச் சுயேச்சையான மதிப்பீடு கட்டாயம். நல்ல விதி. ஆனால் எத்தனை பயிற்சி, தொழிற்சாலைகளில் எத்தனை கமிட்டி என்ற கணக்கோடு அது நின்றுவிடக் கூடாது. கமிட்டி உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தது தொழிலாளர்களா, நிர்வாகமா என்று விசாரிக்க வேண்டும். நான் கமிட்டி உறுப்பினர் என்பதே, கையெழுத்துப் போடச் சொன்ன அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

- ஒரு வாசகி, திருப்பூர்