படிப்பகக் கணக்கு இனி லிப்ரே ஆபிஸில்

எல்லோருக்கும் வணக்கம். படிப்பகக் கணினியில் இருந்த ஆபிஸ் மென்பொருளின் உரிமம் போன வாரம் முடிந்துவிட்டது. உறுப்பினர் சந்தாக் கணக்குக் கோப்பைத் திறந்தால் படிக்கத்தான் விடுகிறது, எழுத விடுவதில்லை. புதுப்பிக்கிற காசுக்கு நாலு புத்தகம் வாங்கலாமே என்று லிப்ரே ஆபிஸ் போட்டுவிட்டேன். 2010-இல் ஓப்பன் ஆபிஸிலிருந்து பிரிந்து வந்த கட்டற்ற மென்பொருள் இது. எத்தனை கணினியில் போட்டாலும் காசில்லை, மெனுவைத் தமிழிலும் வைத்துக்கொள்ளலாம்.

பழைய எக்ஸெல் கோப்புகள் லிப்ரே ஆபிஸின் கணக்குத்தாள் செயலியான கால்க்கில் திறக்கின்றன. கூட்டலெல்லாம் சரி. ரசீதில் மட்டும் கடைசி வரி அடுத்த பக்கத்துக்கு ஓடியது. எழுத்துருவை மாற்றியதும் அடங்கிவிட்டது.

இனி கால்க்கின் சொந்த வடிவமான ஓடிஎஸ் (.ods) கோப்பாகவே சேமியுங்கள், ஆடிட்டருக்கு அனுப்பும்போது மட்டும் எக்ஸெல் வடிவமான எக்ஸ்எல்எஸ்எக்ஸ் (.xlsx). ஞாயிறு மாலை 5 மணிக்குப் படிப்பகத்தில் காட்டித் தருகிறேன். மடிக்கணினி இருப்பவர்கள் முழுசாகச் சார்ஜ் போட்டுக் கொண்டு வாருங்கள், அங்கே பிளக் ஒன்றுதான் இருக்கிறது.