அரசே முதலாளி என்றால் நடுவர் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அரசுப் போக்குவரத்துக் கழகங்களில் ஊதிய ஒப்பந்தம் முடிவுக்கு வரும்போது நடப்பவை நமக்குப் பழகிப் போய்விட்டன. சங்கங்கள் வேலைநிறுத்த நோட்டீஸ் கொடுக்கும், சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் தொழிலாளர் துறை அலுவலர் முன்னிலையில் முத்தரப்புப் பேச்சு நடக்கும்; பேச்சு முறிந்தால் மதுரையின் மாட்டுத்தாவணி, ஆரப்பாளையம் பேருந்து நிலையங்களில் பயணிகள் மூட்டை முடிச்சுகளோடு காத்துக் கிடப்பார்கள்; கடைசியில் உயர் நீதிமன்றம் தலையிட வேண்டியிருக்கும். 2018, 2024 ஆகிய இரு ஆண்டுகளிலும், அதுவும் பொங்கலுக்குச் சில நாள்களே இருக்கையில், இப்படித்தான் நடந்தது.

அந்த 'முத்தரப்பு' எது என்று பார்த்தால், ஒரு பக்கம் சங்கங்கள், மறுபக்கம் கழக நிர்வாகம், நடுவில் தொழிலாளர் துறை. நிர்வாகமும் தொழிலாளர் துறையும் ஒரே அரசின் இரு கைகள். சமரச அலுவலர் தனிமனிதராக எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் (நான் கண்டவர்களில் பலர் அப்படிப்பட்டவர்களே), ஊதியத்துக்குப் பணம் ஒதுக்கவோ மறுக்கவோ போகும் அரசிடம்தான் அவருடைய பதவி உயர்வும் பணியிட மாறுதலும் இருக்கின்றன. ஓர் அணியின் உரிமையாளரே விசிலையும் வைத்துக்கொள்ளும் கபடிப் போட்டியில் தீர்ப்பு சரியாகவே இருந்தாலும் எதிரணி அதை நம்பாது.

2018 ஜனவரியில் வேலைநிறுத்தம் ஏறத்தாழ ஒரு வாரம் நீடித்தது. பழைய ஊதியத்தை எந்தக் காரணியால் பெருக்குவது என்பதே முக்கியச் சிக்கல்: சங்கங்கள் 2.57 கேட்டன, அரசு 2.44-க்குச் சில சங்கங்களுடன் கையெழுத்திட்டிருந்தது. பத்தாயிரம் ரூபாய் அடிப்படைக்கு இந்த வேறுபாடு 1,300 ரூபாய். ஜனவரி 11 அன்று உயர் நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதி இ.பத்மநாபனை நடுவராக அமர்த்தியதும் போராட்டம் விலக்கிக்கொள்ளப்பட்டது. இரு எண்களுக்கு இடையிலான ஒரு வழக்கை ஒரு நடுவரிடம் ஒப்படைக்க, தென்மாவட்டங்கள் ஒரு வாரம் பேருந்தில்லாமல் தவிக்க வேண்டியிருந்ததா? அதே நடுவரை டிசம்பரில் அமர்த்தியிருக்கலாமே.

அதற்குச் சட்டத்தில் வழியில்லாமலும் இல்லை. 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில் 10-ஏ பிரிவின்படி, இரு தரப்பும் எழுத்து மூலம் ஒப்புக்கொண்டால் தகராறைத் தாங்கள் விரும்பும் நடுவரிடம் விட இடமிருந்தது. இரட்டைப்படை எண்ணிக்கையில் நடுவர்களை அமர்த்தினால், அவர்கள் சரிபாதியாகப் பிரியும் நிலையில் முடிவு சொல்ல இன்னொருவரை முன்கூட்டியே பெயர் குறிப்பிட வேண்டும் என்றும் அப்பிரிவு கூறியது. அவர் சொல்வதே தீர்ப்பு. இவ்வளவு தெளிவான வழியை அரசு நிறுவனங்கள் மிக அரிதாகவே பயன்படுத்தின. காரணம் எளிது: நடுவரிடம் போனால் கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்ட வேண்டும். பேருந்துக் கட்டணத்தை அரசே நிர்ணயிக்கிறது, மாணவர்களுக்கும் மகளிருக்கும் இலவசப் பயணத்தை அரசே அறிவிக்கிறது. பிறகு கழகம் நட்டத்தில் ஓடுகிறது, ஊதியம் உயர்த்த இயலாது என்று நிர்வாகம் சொல்கிறது. இந்த நட்டத்தில் எவ்வளவு அரசின் கொள்கையால் வந்தது, எவ்வளவு நிர்வாகச் சீர்கேட்டால் வந்தது என்று பிரித்துப் பார்க்கும் அதிகாரம் சமரச அலுவலருக்கு இல்லை. சுதந்திரமான நடுவர் அதைத்தான் முதலில் கேட்பார்.

தீர்ப்பு வந்த பிறகும் அரசுக்கு ஒரு பிடி இருந்தது. தான் ஒரு தரப்பாக இருந்த வழக்கில் தொழில் தீர்ப்பாயம் அளித்த தீர்ப்பைக்கூட, தேசியப் பொருளாதாரம் அல்லது சமூக நீதியைக் காரணம் காட்டி அரசே நிராகரிக்கவோ திருத்தவோ அதே சட்டத்தின் 17-ஏ பிரிவு இடம் கொடுத்தது. அப்பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2014-ல் செல்லாது என்று அறிவித்தது. ஆனால் 1947-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டத்தில் அதை ஒத்த அதிகாரம் மீண்டும் இடம்பெற்றிருக்கிறது. புதிய தீர்ப்பாயத்தில் நீதித்துறை உறுப்பினரோடு ஒரு நிர்வாக உறுப்பினரும் அமர்வார். தனியார் ஆலை வழக்கில் இது பெரிய குறையல்ல. ஆனால் அரசுக் கழகத்தின் வழக்கில், அரசு உயர் அலுவலராக இருந்த ஒருவர் அந்த இருக்கையில் அமர்ந்தால், எதிரில் நிற்கும் நடத்துநருக்கு எப்படி நம்பிக்கை வரும்? அரசின் பரிந்துரைக்குக் காத்திராமல் தொழிலாளர்கள் நேரடியாகத் தீர்ப்பாயம் செல்லலாம் என்ற மாற்றத்தை மட்டும் மனமாரப் பாராட்டுகிறேன்.

மதுரைக்கென்றே ஒரு தொல்லையும் உண்டு. பொதுவான தகராறு நிலுவையில் இருக்கும்போது ஓட்டுநரையோ நடத்துநரையோ பணிநீக்கம் செய்தால், பழைய சட்டத்தின் 33(2)(பி) பிரிவின்படி நிர்வாகம் ஒப்புதல் மனு போட வேண்டியிருந்தது. தகராறு சென்னை அதிகாரி முன் இருந்ததால் மனுவும் அங்கேயே போனது. உசிலம்பட்டியிலோ மேலூரிலோ இருக்கும், சம்பளம் நின்றுபோன ஒரு தொழிலாளி, ஒவ்வொரு வாய்தாவுக்கும் நானூறு கிலோமீட்டருக்கு மேல் போய் வர வேண்டியிருந்தது. உயர் நீதிமன்றத்தின் கிளையே 2004-ல் மதுரைக்கு வந்துவிட்டது. இந்த மனுக்களின் விசாரணை மட்டும் மதுரைக்கு வராததற்குச் சரியான விளக்கத்தை நான் இதுவரை கேட்டதில்லை.

இதே ஊரில் ரயில்வே கோட்ட ஊழியர்களுக்கு வேறு ஏற்பாடு இருக்கிறது. 1966-ல் தொடங்கிய கூட்டு ஆலோசனை அமைப்பின்படி, ஊதியம் மற்றும் படிகள், வார வேலை நேரம், விடுப்பு ஆகிய மூன்றிலும் உடன்பாடு ஏற்படாவிட்டால் மூவர் நடுவர் குழுவிடம் போகலாம்: அரசுத் தரப்பின் பட்டியலிலிருந்து ஒருவர், ஊழியர் தரப்பின் பட்டியலிலிருந்து ஒருவர், தலைவர் வெளியாள். நாடாளுமன்றத்தின் மேலதிகாரத்துக்கு உட்பட்டு அதன் முடிவு இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். குறையற்ற ஏற்பாடு என்று சொல்ல மாட்டேன். ஆனால் சண்டை தொடங்கும் முன்பே நடுவர் யார் என்பது தெரிந்திருக்கிறது.

நம் மாநிலத்தில் அது தெரியாததன் விலையை 2003-ல் பார்த்தோம். வேலைநிறுத்தம் செய்த லட்சத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர்கள், ஆசிரியர்கள் ஒரே வீச்சில் நீக்கப்பட்டார்கள். வேலைநிறுத்தம் செய்ய அவர்களுக்கு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அப்படிக் கூறிய வழக்கிலேயே, மீண்டும் பணியில் சேர்க்கப்படாமல் மீதமிருந்தவர்களின் விவகாரத்தை ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதிகள் மூவர் ஆராய வேண்டியதாயிற்று. வேலைநிறுத்த உரிமையை மறுக்கும் அரசுக்கு, நடுநிலையான விசாரணையை மறுக்கும் உரிமை இருக்க முடியாது.

சங்கங்களும் ஒன்றை ஏற்க வேண்டும். நடுவர் என்றால் அவர் 'இல்லை' என்றும் சொல்வார். ஆளும் கட்சிக்கேற்பச் சில சங்கங்கள் கையெழுத்திடுவதும் மற்றவை கொடி பிடிப்பதும், ஆட்சி மாறினால் பாத்திரங்கள் மாறுவதும், நடுவர் தீர்ப்பின் முன் எடுபடாது. சிலருக்கு அதுவே தயக்கத்துக்குக் காரணமோ என்று எனக்கு ஐயம் உண்டு.

நீதிபதி கஜேந்திர கட்கர் தலைமையிலான முதல் தேசியத் தொழிலாளர் ஆணையம், அரசின் கைக்கு எட்டாத நிரந்தரத் தொழில் உறவுகள் ஆணையங்களை மத்தியிலும் மாநிலங்களிலும் அமைக்குமாறு 1969-லேயே பரிந்துரைத்தது. அதற்குத் தனிச் சட்டம் வரும்வரை தமிழ்நாடு அரசு காத்திருக்க வேண்டியதில்லை. போக்குவரத்துக் கழகங்களும் அங்கீகாரம் பெற்ற சங்கங்களும் அடுத்த ஊதிய ஒப்பந்தத்திலேயே ஒரு கூறு சேர்க்கலாம்: இரு தரப்பும் ஏற்ற நடுவர் பட்டியல், பேச்சு முறிந்த நாளிலிருந்து விசாரணைக்குக் கால வரம்பு, கழகக் கணக்குகளை வரவழைக்கும் அதிகாரம், தென்மாவட்ட வழக்குகளுக்கு மதுரையில் அமர்வு. நடுவரின் ஊதியத்தை இரு தரப்பும் பாதிப் பாதியாக ஏற்கட்டும்.

இப்படிக்கு,
தொழிலாளர் வழக்குகளை நடத்தும் ஒரு வழக்கறிஞர்,
மதுரை.