கூரையை அறுப்பதற்கு முன்

அன்புள்ள கயல்,

படங்கள் வந்தன. நீ வாங்கின டிரையம்ப் ஜிடி6 கார் பார்க்க நன்றாகவே இருக்கிறது, இங்கிலாந்தில் கோவென்ட்ரியில் பிறந்த வண்டி கோவென்ட்ரியிலேயே உன் கைக்கு வந்ததும் நல்லதுதான். அந்த ஊர் மழையில் கூரையில்லாத கார் எதற்கு என்று அம்மா கேட்கிறாள், அதற்கு நீயே பதில் சொல்லிக்கொள்.

சேஸிஸ், அதாவது அடிச்சட்டம், பாடியிலிருந்து தனியாகத்தானே இருக்கிறது, நீங்கள் ஹெரால்டு கூரையைக் கழற்றியது போல இதையும் எடுத்துவிடலாமே என்று எழுதியிருந்தாய். ஹெரால்டு விஷயம் சரி. வண்டலூரில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டுகள் எங்கள் பட்டறைக்கு நிறைய வரும், இரண்டு கதவு வண்டியில் போல்ட்டை அவிழ்த்தால் கூரை கையோடு வந்துவிடும். இங்கிலாந்தில் அந்த வண்டியை 1959இல் கொண்டுவந்தபோது முழு பாடியையும் ஒன்றாகச் செய்துகொடுக்க டிரையம்ப் கம்பெனிக்கு ஆள் கிடைக்கவில்லை, அதனால் துண்டு துண்டாகச் செய்து பூட்டினார்கள். கூரை போனாலும் கவலையில்லை, ஏனென்றால் சேஸிஸிலேயே இரண்டு பக்கமும் சட்டம் ஓடும்.

கூரையில்லாத ஸ்பிட்ஃபயர் காரை டிரையம்ப் செய்யும்போதுதான் கதை மாறியது. அதே சேஸிஸைக் குட்டையாக்கி, பக்கச் சட்டங்களை எடுத்துவிட்டு, அந்த வேலையைக் கதவுக்குக் கீழே ஓடும் சில்லின் தலையில் கட்டிவிட்டார்கள். உன் ஜிடி6 அந்தச் சேஸிஸில் உட்கார்ந்ததுதான். வண்டிக்கு அடியில் படுத்துப் பார், பின் சக்கரம் முன்பின் போகாமல் பிடிக்கிற கம்பி சேஸிஸில் இல்லை, பாடியில் மாட்டியிருக்கும். ஆகவே சேஸிஸ் தனி, பாடி தனி என்று உன் வண்டிக்குச் சொல்ல முடியாது.

கூரை போனால் என்ன ஆகும் என்று புரிய, தீப்பெட்டியின் வெளிக்கூட்டில் மேல் அட்டையை வெட்டிவிட்டு முறுக்கிப் பார், எவ்வளவு சுலபமாகத் திருகுகிறது என்று தெரியும். ஸ்பிட்ஃபயர் கூரையில்லாமல் ஓடியதே என்று கேட்பாய். ஓடியது, சில் முழுசாக இருந்தவரை. உன் வண்டிக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது, முன்னால் இரண்டு லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சின் வேறு கனமாக உட்கார்ந்திருக்கிறது. டிரையம்பே 1970இல் ஸ்டாக் என்ற திறந்த காரைக் கொண்டுவந்தபோது திறந்த பாடி ஆட்டம் போட்டதால் தலைக்கு மேலே டி வடிவத்தில் ஒரு கம்பியைக் குறுக்கே விட்டார்கள்.

முதலில் இதைச் செய். வண்டி தரையில் நிற்கும்போது கதவைச் சுற்றியுள்ள இடைவெளியை மேலே, கீழே, முன்னே, பின்னே அளந்து எழுதிவை. பிறகு முன்பக்கம் ஒரு மூலையை மட்டும் ஜாக்கியில் தூக்கி, கதவைத் திறந்து மூடிப் பார். கதவு உரசினாலோ, பின்பக்க மேல் இடைவெளி ஒடுங்கினாலோ, கூரை இருக்கும்போதே வண்டி வளைகிறது என்று அர்த்தம். அப்படியானால் சில்தான் போயிருக்கும். வெளித் தகட்டில் பெயிண்ட் பளபளக்கும், உள்ளே நிற்கிற வலுத்தகடு பொடியாகியிருக்கும், ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்க்காமல் நம்பாதே.

சில் மாற்றவேண்டி வந்தால் கதவு வாசலுக்குக் குறுக்கே சதுரக் குழாயை வெல்டு பண்ணு, இடது பக்கத்திலிருந்து வலது பக்கத்துக்கும் ஒன்று. வண்டியின் எடை சக்கரங்களின் மேல் இருக்கட்டும், நடுவில் ஸ்டாண்டு கொடுக்காதே. ஒரு பக்கம் முடித்து, கதவை மாட்டி இடைவெளி சரியாக இருக்கிறதென்று பார்த்த பிறகுதான் அடுத்த பக்கம். நீளமாக ஒரே இழுப்பில் வெல்டு போடாமல் இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் போடு, இல்லாவிட்டால் சூட்டிலேயே தகடு இழுத்துக்கொள்ளும். இதெல்லாம் ஆனபிறகும் கூரையை எடுக்கத்தான் வேண்டும் என்றால் குழாயைக் கழற்றாமல் அறு. கண்ணாடியைத் தாங்கும் முன் தூணில் கை வைக்கவே கூடாது.

என்னைக் கேட்டால் அந்தக் கூரையை அறுக்கவே வேண்டாம். நல்ல ஸ்பிட்ஃபயர் பாடி ஒன்று தேடு, உன் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் அந்த வீங்கின பானெட்டையும் அதில் போடு. அங்கே பலரும் செய்கிற வேலைதான் அது. ஜிடி6 பாடி முழுசாக இருந்தால் வாங்க ஆள் வரும், அறுத்துவிட்டால் யாருக்கும் ஆகாது. காற்று மட்டும் போதும் என்றால் மேல் தகட்டின் நடுவில் மட்டும் வெட்டி மடக்குத் துணி போடலாம், ஓரச் சட்டங்களையும் தூண்களையும் தொடாமல். எனக்கு அதுவே சம்மதம், உனக்குப் பிடிக்காது என்றும் தெரியும்.

எதைச் செய்தாலும் சீட் பெல்ட்டின் மேல் பிடிப்பு எங்கே வரப்போகிறது என்று யோசித்து முடிவு செய்துகொள், இன்சூரன்ஸ்காரர்களிடமும் முன்பே சொல்லிவிடு. கிரைண்டரை எடுப்பதற்கு முன் சில் இரண்டையும் அடியிலிருந்து படம் எடுத்து, கதவு இடைவெளி அளவுகளோடு அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை பேசலாம்.

அப்பா