18 வேலைக்கு ஒரே கருவி: பெட்டி வழங்கிய அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம்.

வயரிங், மோட்டார் பழுது பயிற்சி முடித்த பிள்ளைகளுக்கு நீங்கள் போன தடவை கொடுத்த கருவிப்பெட்டி பற்றித்தான் எழுதுகிறேன். என்ன பெட்டி, யார் யாருக்குக் கொடுத்தது, எந்தக் கோப்பில் கையெழுத்தானது என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பெட்டிக்குள் கட்டிங் பிளையர் இல்லை. ஸ்பேனர் இல்லை. திருப்புளி இல்லை. இவை எல்லாமே நான்தான், 18 வேலை செய்வேன் என்று சொல்லிக்கொண்டு மடங்கி விரிகிற ஒரு சாமான் இருக்கிறது. எந்த நட்டுக்கும் பொருந்தும் என்று எழுதிய ஒரு சாக்கெட்டு இருக்கிறது. அப்புறம் ஒரு டெஸ்டர், ஒரு இன்சுலேஷன் டேப்பு. பெட்டி மட்டும் நல்ல பெரிசு.

நான் கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம் 26 வருஷமாக எலக்ட்ரீசியன். உங்கள் பெட்டி வாங்கியவர்களில் ஒருவன் என் அக்கா மகன்.

ஆனி மாதம் மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு காலை. திங்கள்சந்தைக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் கிணற்று மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை என்று சொன்னார்கள். பையனைத் தனியாக அனுப்பினேன். பைப்பை போல்ட்டு போட்டு இணைக்கிற ஃபிளாஞ்ச் தகட்டைக் கழற்றி, ஏறிய தண்ணீர் திரும்ப இறங்காமல் தடுக்கக் கிணற்றுக்குள் கிடக்கும் ஃபுட் வால்வை மேலே எடுத்து, சிக்கிய குப்பையைத் தட்டி, புது ரப்பர் போட்டு மாட்ட வேண்டும். நாலு போல்ட்டு. 19 நம்பர் ஸ்பேனர் இரண்டு இருந்தால் ஒரு மணி நேர வேலை.

இரண்டு மணி நேரம் கழித்துப் போன் வந்தது. "மாமா, நட்டு மொட்டையாயிட்டு. ஒண்ணும் பிடிக்கமாட்டேங்கு."

போய்ப் பார்த்தேன். அந்தச் சாக்கெட்டுக்குள் ஸ்பிரிங் வைத்த கம்பிகள் நெருக்கமாக நிற்கும், நீங்களும் பார்த்திருப்பீர்கள். நட்டின் மேல் வைத்து அழுத்தினால் நடுவில் உள்ள கம்பிகள் உள்ளே போகும், சுற்றி உள்ளவை நட்டைச் சூழ்ந்து நிற்கும். கடையில் புது நட்டில் வைத்துக் காட்டும்போது அழகாகத் திரும்பும். இங்கே இருந்ததோ வருஷக்கணக்காகக் கிணற்று ஈரத்தில் நின்று துருவேறிய நட்டு. நட்டுக்கு ஆறு மூலை. ரிங் ஸ்பேனர் ஆறையும் சேர்த்துக் கவ்வும், அதனால் முழுப் பலத்தையும் போட்டுத் திருப்பலாம். கம்பிக்கும் மூலைக்கும் நடுவே இம்மி இடம் கிடைத்தால் போதும், நாம் போடுகிற பலமெல்லாம் மூலையைச் சீவத்தான் போகும். இரண்டு நட்டு அப்படிப் போயிற்று.

பிறகு அவன் அந்த மடக்குச் சாமானில் உள்ள பிளையரை விரித்திருக்கிறான். அதன் கைப்பிடி நாலு இஞ்சு. 8 இஞ்சு பிளையரைப் பிடித்துத் திருப்பினால் நட்டில் விழும் பலத்தைவிட இதில் குறைவாகத்தான் விழும். அதை ஈடுகட்ட இரண்டு கையாலும் அமுக்கியிருக்கிறான். பிடி சட்டென்று நழுவி, இரண்டு கைப்பிடியும் சேரும் இடத்தில் உள்ளங்கைச் சதை மாட்டிக்கொண்டது. நான் போகும்போது கிணற்றுக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்தான். உள்ளங்கையில் நாவல்பழம் அளவுக்கு ரத்தம் கட்டியிருந்தது.

அந்த வீட்டம்மா பக்கத்து வீட்டுக் கிணற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்துகொண்டிருந்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "கவர்மெண்டுல படிச்சேன்னு சொன்னியே மக்களே" என்று மட்டும் கேட்டார். பையன் தலையைத் தூக்கவே இல்லை.

இரண்டு நட்டையும் ஆக்ஸா பிளேடால் அறுத்து எடுத்தேன். முடியும்போது மதியம் தாண்டிவிட்டது. கூலி கேட்க வாய் வரவில்லை. புது போல்ட்டு, நட்டுக்கான காசும் என் பையிலிருந்துதான் போயிற்று. அந்த வீட்டுக்காரர்கள் இனி அவனைக் கூப்பிடமாட்டார்கள். தொழிலுக்கு இறங்கிய முதல் மாதத்திலேயே ஒரு வீடு போயிற்று.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. பிளையரைப் பிளையராகக் கொடுங்கள், ஸ்பேனரை ஸ்பேனராகக் கொடுங்கள்.

நட்டு போனால் நட்டோடு போயிற்று. என் தூக்கத்தைக் கெடுத்தது வேறொன்று. எலக்ட்ரீசியன் வைத்திருக்கும் நல்ல பிளையரின் கைப்பிடியில் தடித்த உறை இருக்கும், 1000 வோல்ட் என்று அதில் அச்சடித்திருக்கும். நீங்கள் கொடுத்ததில் கைப்பிடி வெறும் இரும்பு. மடக்கி உள்ளே வைக்கவேண்டிய கத்தியும் ரம்பமும் அந்தப் பிடிக்குள்தான் கிடக்கின்றன, அப்புறம் உறை எங்கே போடுவது? மெயினை அணைத்துவிட்டுத்தானே தொட வேண்டும் என்பீர்கள். சரிதான். ஆனால் இன்றைக்கு எத்தனையோ வீடுகளில் இன்வெர்ட்டர் இருக்கிறது. மெயினை அணைத்த பிறகும் அந்த லைனில் 230 வோல்ட் உயிரோடு இருக்கும். நம் மாவட்டத்தில் இரண்டு மழைக்காலம், சுவரும் தரையும் காய்வதே அபூர்வம். சுவிட்ச் பெட்டிக்குள் கம்பியை முறுக்க அவன் அந்த வெறும் இரும்பை நுழைக்கப் போனதை ஒருநாள் பார்த்துவிட்டேன். கையைத் தட்டிவிட்டேன். அடித்தேன் என்றே சொல்லலாம்.

மடக்குக் கருவி மேல் எனக்குப் பகை ஒன்றும் இல்லை. 1891இல் சுவிட்சர்லாந்து ராணுவம் சிப்பாய்களுக்கு மடக்குக் கத்தி கொடுத்தது, தகர டப்பாவைத் திறக்கவும் துப்பாக்கியைக் கழற்றவும். 1975இல் டிம் லெதர்மேன் என்ற அமெரிக்கர் பழைய ஃபியட் காரில் ஐரோப்பாவைச் சுற்றினார். கார் அடிக்கடி மக்கர் பண்ண, கையில் இருந்த பேனாக்கத்தியோடு ஒரு பிளையரும் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. அவருடைய மடக்குப் பிளையர் விற்பனைக்கு வர 1983 ஆயிற்று. போர்க்களத்தில் நிற்பவனுக்கும் நடுவழியில் கார் நின்றவனுக்கும், அதாவது கருவிப்பெட்டி கையில் இல்லாதவனுக்காகப் பிறந்த சாமான் அது. அதைத்தான் நீங்கள் கருவிப்பெட்டிக்குள் வைத்துக் கொடுத்திருக்கிறீர்கள். எங்கள் வீட்டுச் சாமான் இப்போது பைக் சீட்டுக்கு அடியில் கிடக்கிறது.

ஒரு கருவி பல வேலை செய்வதிலும் தப்பில்லை. நம் ஊர் வெட்டோத்தி, அதாவது வெட்டரிவாள், தேங்காய் வெட்டும், மட்டை சீவும், விறகு பிளக்கும், திருப்பிப் பிடித்தால் முளையும் அடிக்கும். சாதாரண கட்டிங் பிளையரே பிடிக்கும், முறுக்கும், வெட்டும். ஒரு வேலைக்காக இன்னொன்றை அவை விட்டுக்கொடுப்பதில்லை. உங்கள் சாமானில் வேலை கூடக் கூட மூட்டும் கூடுகிறது, மூட்டு கூடக் கூட ஆட்டமும் கூடுகிறது. முட்டத்திலிருந்து வந்து பயின்ற பையன் ஒருவனுக்கு அந்த மூட்டெல்லாம் கடற்காற்றில் துருப்பிடித்து, இப்போது விரியவே மாட்டேன் என்கிறதாம். பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்பார்கள். இங்கே கருவியே அப்படி.

அந்த 18 வேலை என்னென்ன என்று எண்ணியும் பார்த்தேன். ஒன்று பாட்டில் திறப்பது. ஒன்று கார்க் பிடுங்குவது. மோட்டார் மெக்கானிக்குக் கார்க் பிடுங்கும் வேலை எந்த வீட்டில் வரும் என்று தெரியப்படுத்தினால் நானும் போய்வருவேன். இன்னொன்று மீன் செதிள் சுரண்டும் தகடு. அதைத் தயவுசெய்து குளச்சல் மீன் சந்தையில் உட்கார்ந்திருக்கும் அக்காக்களிடம் காட்டிவிடாதீர்கள், கொள்முதல் செய்தவர் யார் என்று அவர்கள் கேட்கும் தோரணையே வேறாக இருக்கும். பெட்டி வழங்கிய விழாவுக்கு மேடை போட்டீர்கள், பொன்னாடை போர்த்தினீர்கள், பிள்ளைகளை இரண்டரை மணி நேரம் வெயிலில் நிற்க வைத்தீர்கள், ஒவ்வொரு பெட்டிக்கும் ஸ்டிக்கர் ஒட்டினீர்கள். ஸ்டிக்கர் மட்டும் இன்னும் உரியவில்லை. அந்தப் பசையின் தரத்தில் பாதி உள்ளே இருந்த இரும்புக்கு இருந்திருந்தால் இந்த மடலுக்கே வேலை இல்லை.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்க வேண்டும்.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்து மாவட்டமே இருண்டு கிடந்தது. கரண்ட் வர வர, வீடு வீடாக ஏறி இறங்கி லைன் பார்த்தோம். அன்று என் துணிப்பையில் இருந்தவை ஒரு 8 இஞ்சு பிளையர், இரண்டு திருப்புளி, ஒரு ஸ்க்ரூ ஸ்பேனர், டெஸ்டர், ஒரு கத்தி. அந்தப் பிளையர் இன்றும் ஓடுகிறது. வடசேரியிலோ மார்த்தாண்டத்திலோ எந்த ஹார்டுவேர் கடையிலும் அப்படி ஒன்று நானூறு ரூபாய்க்குள் கிடைக்கும்.

அடுத்த பெட்டிக்கு இதையே கொடுங்கள், கூடவே மோட்டார் வேலைக்கு 19 நம்பர் வரைக்கும் ரிங் ஸ்பேனர் செட் ஒன்று. வாங்கிக் கொடுக்க நேரமில்லை என்றால் அந்தத் தொகைக்குக் கூப்பன் கொடுங்கள், பிள்ளைகளே கடையில் கையில் பிடித்துப் பார்த்து வாங்கிக்கொள்வார்கள். ஏற்கெனவே பெட்டி வாங்கியவர்களுக்கு உறை போட்ட பிளையர் ஒன்றையாவது தனியாகத் தர வழி செய்யுங்கள். இது அவசரம், ஐப்பசி மழைக்கு முன்னால் வேண்டும். கொள்முதலுக்கு மாதிரி வரும்போது, கையால் வேலை செய்கிற யாராவது ஒருவரையும் அந்த மேசையில் உட்கார வையுங்கள். திரும்பவும் தாழ்மையோடு கேட்கிறேன், பிளையரைப் பிளையராகக் கொடுங்கள்.

மாதிரியைச் சோதித்துப் பார்க்கத் துருப்பிடித்த நட்டு வேண்டுமென்றால் அறுத்தெடுத்த அந்த இரண்டும் என் பையில்தான் இருக்கின்றன. நாளும் நேரமும் சொன்னால் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
தக்கலைப் பக்கத்து எலக்ட்ரீசியன் ஒருவன்