ஹுவாங்ஷான் அழைத்துப் போகிறவர்களுக்கு: ஓர் இரவை மலைமேல் வையுங்கள்

சிங்கப்பூரிலிருந்து ஹுவாங்ஷான் முதலான சீன மலைகளுக்குத் தமிழ்க் குழுக்களை அழைத்துச் செல்லும் பயண நிறுவனத்தாருக்கு,

வணக்கம். நிறுவனத்தின் பெயரை நான் எழுதவில்லை. படிக்கும்போதே உங்களைத்தான் சொல்கிறேன் என்று உங்களுக்குப் புரிந்துவிடும். ஏப்ரல் குழுவில் டிரைபாடைத் தூக்கிக்கொண்டு எல்லாருக்கும் பின்னால் வந்த பெண் நான். ஊர் திரும்பியதும் விரிவாக ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். ‘உங்கள் மேலான கருத்துக்கு நன்றி’ என்று ஒரு வரி வந்தது. சரி, படித்திருப்பார்கள் என்று நினைத்தேன். அப்புறம் பார்த்தால் அதே பயணத்துக்கு, அதே படத்தோடு, அதே நிரலோடு மறுபடியும் விளம்பரம். அதனால்தான் இந்த முறை எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

கேட்பது ஒன்றுதான். ‘தம்பதியருக்கான மலைநடை, புகைப்படச் சிறப்புப் பயணம்’ என்று விற்கிறீர்கள் அல்லவா? அதில் ஓர் இரவையாவது மலைமேல் தங்க வையுங்கள்.

உங்கள் விளம்பரத்தில் இருக்கும் படத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பள்ளத்தாக்கு முழுக்க மேகம், நடுவே தீவுகள் மாதிரி கருங்கல் சிகரங்கள், ஓரத்தில் ஒரு பைன் மரம், கிழக்கே சிவப்பு. அந்தப் படம் விடியற்காலையில் எடுத்தது. ஏப்ரலில் அங்கே ஆறு மணிக்கு முன்பே சூரியன் எழுந்துவிடுகிறது. கேபிள் கார் ஓடத் தொடங்குவது அதற்குப் பிறகு. அப்படியென்றால், மலையடிவாரத்தில் தாங்கோவ் ஊரில் தூங்கி எழுகிற யாரும் அந்தக் காட்சியைப் பார்க்கவே முடியாது. இது அதிர்ஷ்டம் சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. நிரலை நீங்கள் எழுதிய அன்றைக்கே முடிவாகிவிட்ட விஷயம்.

எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். தாங்கோவ் வந்து இறங்கிய இரவு நல்ல மழை. குழுவில் பலர் முகம் வாடிப்போனார்கள். நான் மட்டும் உள்ளுக்குள் துள்ளினேன். இரவு மழை பெய்து, விடிகாலையில் குளிர்ந்து கிடந்தால்தான் பள்ளத்தாக்கின் ஈரம் மேகமாகத் திரண்டு கீழேயே படுத்திருக்கும். வெயில் ஏற ஏற அது கலைந்து மேலே வந்துவிடும். வருடத்தில் பாதி நாளுக்கு மேல் பனிமூட்டம் சூழும் மலை அது. எல்லா நாளும் மேகக்கடல் கிடைப்பதில்லை. கிடைக்கிற நாள் வரும்போது நாம் மேலே இருக்க வேண்டும்.

நாங்கள் இருந்தது கீழே. நிதானமாக எட்டு மணிக்குக் காலை உணவு. தனியார் வண்டிகளுக்கு மேலே அனுமதி இல்லாததால் மலைப் பேருந்துக்கு ஒரு வரிசை. யுன்கு நிலையத்தில் கேபிள் காருக்கு இன்னொரு வரிசை. மேலே போய் வெளியே வந்தபோது எதிரே இறங்குவதற்காக ஒரு கூட்டம் நின்றது. தங்கும் விடுதிகளில் கொடுக்கிற தடித்த குளிர்கோட்டைச் சிலர் இன்னும் கையில் மடித்து வைத்திருந்தார்கள். என் கழுத்தில் தொங்கிய கேமராவைப் பார்த்துவிட்டு ஒரு சீனப் பெண்மணி, என் வயதுதான் இருக்கும், தன் கைபேசியை நீட்டினார். திரையில் உங்கள் விளம்பரப் படம்! அதைவிட நன்றாகவே இருந்தது. இரண்டு விரலால் பெரிதாக்கி, மேகத்துக்கு மேல் தலை நீட்டிய ஒரு சிகரத்தைக் காட்டினார். நேரம் 5.52 என்று கைபேசியில் தெரிந்தது. அந்த நேரத்தில் நான் ஓட்டல் அறையில் கேமரா பேட்டரிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

மேலே எங்களுக்கு மிச்சமிருந்தது வெளிறிய வானமும் கொடி பிடித்த குழுக்களும்தான். மலைமேல் பெய்ஹாய் என்ற பகுதியில் ஓர் ஓரமாக டிரைபாடின் மூன்றாவது காலை நீட்டுவதற்குள் உங்கள் குழுத்தலைவர் தம்பி வந்து, “அக்கா, பத்து நிமிஷம்தான்” என்றார். அவர் நல்ல பிள்ளை. அவர் மேல் குற்றம் சொல்லவில்லை. பத்து நிமிடம் என்று எழுதிக் கொடுத்தது நீங்கள்.

இந்த மலையை வாங் வுஷெங் என்ற புகைப்படக் கலைஞர் 1974-இல் எடுக்கத் தொடங்கினார். பல பத்தாண்டுகள் திரும்பத் திரும்ப அதையே எடுத்தார். அதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஷிதாவ் போன்ற ஓவியர்கள் இதே பாறைகளையும் பைன்களையும் வரைந்து தீர்க்க முடியாமல் இருந்தார்கள். அவர்களுக்குப் போதாத மலையைப் பத்து நிமிடத்தில் முடித்துக் கொடுக்கும் உங்கள் திறமையைப் பாராட்டத்தான் வேண்டும்.

என் கணவர் புகைப்படக்காரர் இல்லை, நடக்கிறவர். இதற்காகவே எங்கள் புளோக்கின் படிக்கட்டில் ஏறி இறங்கிப் பழகினார். வார இறுதிகளில் புக்கிட் தீமா. சிங்கப்பூரிலேயே உயரமான அந்தக் குன்று 164 மீட்டர்கூட இல்லை, இருக்கிறதை வைத்துத்தானே பழக முடியும். அவருக்கு வேண்டியிருந்தது ஷிஹாய் பெரும்பள்ளத்தாக்கு. செங்குத்துப் பாறையில் படி வெட்டி, சில இடங்களில் பாறைக்கு வெளியே தொங்கும்படி பாதை போட்டிருக்கிறார்கள். உங்கள் நிரலில் ‘ஷிஹாய் மலைநடை’ என்று தடித்த எழுத்தில் இருந்தது. பாய்யுன்திங் மண்டபத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு மேலிருந்து எட்டிப் பார்த்தோம். அதுதான் மலைநடை. அதே நிரலில் லியன்ஹுவா, தியான்து என்று இரண்டு சிகரங்களையும் அச்சடித்திருந்தீர்கள். செடிகொடிகள் மீண்டு வளரட்டும் என்று அந்த இரண்டையும் ஆண்டுக்கணக்கில் மாற்றி மாற்றி மூடி வைப்பது அங்கே வழக்கம். அதை நிரல் எழுதுகிறவர் தெரிந்து வைத்திருக்க வேண்டாமா?

நேரம் இல்லை என்பீர்கள். தேநீர்க் கடைக்கு நேரம் இருந்ததே! மதியமே எங்களைக் கீழே இறக்கி, ஒரு நீளமான மேசையில் உட்கார வைத்து, கோப்பை கோப்பையாக ஊற்றினார்கள். மாவ்ஃபெங் நல்ல தேயிலைதான், மறுக்கவில்லை. அப்புறம் பட்டுக் கடை. பயணிகளின் சம்மதம் இல்லாமல் இன்ன கடைக்குத்தான் என்று கூட்டிப்போகக் கூடாது என்று சீனாவின் சுற்றுலாச் சட்டமே 2013 அக்டோபரிலிருந்து சொல்கிறது. எங்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. ‘தம்பதியர் சிறப்பு நிகழ்ச்சி’ என்று மலைச் சங்கிலியில் பெயர் பொறித்த பூட்டு மாட்டுவதற்கும் நேரம் இருந்தது. கல்யாணமாகிப் பிள்ளைகள் கல்லூரிக்குப் போய்விட்ட எங்களுக்குப் பூட்டு எதற்கு? அந்த அரைமணி நேரத்தை எனக்குக் கொடுத்திருந்தால் நாலு படமாவது எடுத்திருப்பேன்.

அங்கே ‘விருந்தினரை வரவேற்கும் பைன்’ என்று புகழ்பெற்ற ஒரு மரம் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்ளத் தனியாக ஆள் போட்டிருக்கிறார்கள், இரவும் பகலும் மலைமேலேயே காவல். ஒரு மரத்துக்காக ஆள் மேலே தங்குகிறார். காசு கட்டி வந்த எங்களுக்கு ஓர் இரவு இல்லை.

தொலைபேசியில் நீங்கள் சொன்ன காரணங்கள் நினைவிருக்கின்றன. மலைமேல் விடுதி விலை அதிகம். உண்மைதான், அரிசியிலிருந்து படுக்கை விரிப்பு வரை எல்லாம் கீழிருந்து போக வேண்டும், இன்றும் காவடித்தடியில் சுமந்து ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். விலை கூடத்தான் செய்யும். கூட்டிக் கேளுங்கள், கொடுக்கிறோம். பெரிய பெட்டிகளை மேலே கொண்டுபோக முடியாது என்றீர்கள். யார் கொண்டுபோகச் சொன்னது? பெட்டி கீழே இருக்கட்டும், ஒரு முதுகுப்பை போதும். வயதானவர்கள் சிரமப்படுவார்கள் என்றீர்கள். அவர்கள் கேபிள் காரில் வரட்டும், நடக்க விரும்புகிறவர்கள் கிழக்குப் படிகளில் ஏறி வருகிறோம், விடுதியில் சந்தித்துக்கொள்ளலாம்.

கடைசிக் காரணம்தான் எனக்கு மறக்கவில்லை. இந்தியச் சாப்பாடு கீழேதான் கிடைக்கும் என்றீர்கள். அதாவது, ஒரு கரண்டி சாம்பாருக்காக எங்களுக்கு விடியலையே இல்லாமல் செய்திருக்கிறீர்கள். ஒரு ராத்திரி புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்து சாப்பிட்டால் எந்தத் தமிழனும் இளைத்துவிட மாட்டான். அங்கே சோறும் கீரை வதக்கலும் தாராளமாகக் கிடைக்கிறது.

கோபத்தில் கொஞ்சம் கூடுதலாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விசா, ரயில், பேருந்து எல்லாம் நேரத்துக்கு நடந்தன. ஹாங்ஜோவிலிருந்து ஹுவாங்ஷான் வரை அதிவேக ரயிலில் எந்தக் குறையும் இல்லை. அதனால்தான் இன்னும் உங்களிடமே கேட்கிறேன், வேறு இடம் தேடவில்லை.

தயவுசெய்து ஓர் இரவை மலைமேல் வையுங்கள். முடியாது என்றால் விளம்பரத்திலிருந்து ‘புகைப்பட’ என்ற சொல்லையும் அந்த விடியல் படத்தையும் எடுத்துவிடுங்கள். கேபிள் கார் சுற்றுலா என்று போடுங்கள், அதற்கும் ஆள் வரும்.

அக்டோபர் பயணத்துக்கு ஒரு சின்னக் குறிப்பு. முதல் வாரம் சீனாவில் தேசிய விடுமுறை. மலை முழுக்க மனிதத் தலையாக இருக்கும், மேலே அறையும் கிடைக்காது. மாதக் கடைசிக்குத் தள்ளி, அறைகளை இப்போதே பிடித்து வையுங்கள். புது நிரலை அனுப்பினால் நாங்கள் இருவரும் வருகிறோமா என்று பார்த்துச் சொல்கிறோம்.

இப்படிக்கு,
ஏப்ரல் குழுவில் வந்த பயணி ஒருவர்